இரும்புப் படகில் ஏறிய பித்தளைத் திசைகாட்டி

ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வூதியத்தை விட்டால் அடுத்த பெரிய வசதி, வேலை நாளின் முற்பகலில் அருங்காட்சியகத்துக்குப் போக முடிவதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வரிசையாகப் பார்த்து, வரிசை கலைந்து ஓடிப்போன பிறகு கூடம் முழுவதும் நமக்கே. மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் பெஞ்சைப் பிடித்துவிட்டால் மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. அப்படியே யாராவது சொன்னாலும், எந்த விதியின்படி என்று கேட்க எனக்குத் தெரியும்.

நான் சொல்லும் அருங்காட்சியகம் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், பழைய செங்கல் கிடங்கு ஒன்றில் இருக்கிறது. பழைய அறிவியல் கருவிகளுக்கென்றே வைத்தது. பாதி அரசு, பாதி அறக்கட்டளை. ஆகவே இரண்டு பக்கத்து விதிகளும் அங்கே செல்லும்; இரண்டு பக்கத்துப் பணமும் அங்கே வந்து சேராது. முற்றத்தில் ஒரு புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கம்பத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். வானம் நீலமாக இருக்கும் நாளிலும் அது தொங்கும். அதன் கீழே நின்று காதலர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உள்ளே பாதரச பாரமானிகள், நில அளவைக் கருவிகள், கடல்மட்டம் ஏறி இறங்குவதைத் தானே வரைந்துகொள்ளும் ஒரு பெரிய உருளை, நடுக்கடலில் சூரியனின் உயரத்தை அளந்து இடம் கண்டுபிடிக்க உதவும் செக்ஸ்டன்ட் வகைகள். மூன்றாவது கூடத்தில் நுழைந்ததும் கண்ணாடிக்குள் ஒரு பித்தளைத் தராசு. நான் எடையளவுத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தபோது அதே வகைத் தராசின் முன்னால் உட்கார்ந்துதான் வேலை கற்றேன். மூச்சுக்காற்று படாமல் தலையைத் திருப்பிக்கொண்டு படிக்கல்லை இடுக்கியால் எடுத்து வைப்பதற்கே எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது அதன் கீழே ‘பண்டைக்காலத் தராசு’ என்று எழுதியிருக்கிறது. என்னை இன்னும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை என்பது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம்.

அங்கே காப்பாட்சியராக இருப்பவர் நாற்பதுகளில் இருக்கும் ஓர் அம்மையார். சேலத்துக்காரர். கடலை அலுவலக ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரை நான் முதன்முதலில் பார்த்த காட்சி நன்றாக நினைவிருக்கிறது. பெருக்க வந்த பெண் ஒருத்தி ஈரத்துணியால் பாரமானியைத் துடைக்கப் போக, இவர் அறையிலிருந்து வந்து, குரலை உயர்த்தாமலே தடுத்தார். காட்சிப்பொருள் எதையும் யாரும் துடைக்கக் கூடாது, பராமரிப்புப் பிரிவின் எழுத்து ஆணை இல்லாமல் தூசியைக்கூடத் தட்டக் கூடாது என்று விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு செக்ஸ்டன்டைக் காட்டினார். அதன் வில் வடிவச் சட்டத்தில் பெரிய கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் ஆசையாகத் தொட்டுப் பார்த்ததாம். இவர் அன்றைக்கே பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிவிட்டார். பிரிவு மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். ரேகை இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. விதியை நம்புகிறவர்கள் உண்டு, விதிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. விதியை ரசிக்கிறவர்கள் மிகக் குறைவு. நான் வேலையில் இருந்தவரை அப்படி ஒருவரையும் சந்திக்கவில்லை.

இனி டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகை ஓட்டுகிறவரை டிரைவர் என்றுதான் அழைப்பார்கள். திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையில் காலை நடையில் எனக்குத் துணையாக வருபவர் அப்படி ஒரு டிரைவர். அலை தின்னாமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களின் ஓரமாக நாங்கள் நடப்போம். எனக்குச் சர்க்கரை, அவருக்கு முழங்கால். நான் அவரை டிரைவரே என்பேன், அவர் என்னை ஆபீசரே என்பார். இருவரும் இப்போது அந்த வேலையில் இல்லை.

நான் ஆய்வாளராக இருந்த நாளில் காசிமேட்டு ஏலக்கூடத்துத் தராசுகளைச் சோதிக்கப் போவேன். அவர் அப்போது அங்கே மீன் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கூடம் முழுக்கச் செய்தி பரவிவிடும் என்றும், நான் போய்ச் சேருவதற்குள் அத்தனை தராசும் யோக்கியமாகிவிடும் என்றும் முப்பது வருடம் கழித்து நடையில் சொன்னார். எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது.

இது நடந்தது கடந்த தடைக்காலத்தின் கடைசி வாரங்களில். மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்த மாதங்களில்தான் காசிமேட்டில் பழுது பார்ப்பது, வண்ணம் அடிப்பது, புதிது கட்டுவது எல்லாம் நடக்கும். டிரைவரின் மகன் புதுப் படகு கட்டியிருந்தான். மரமில்லை, முழு இரும்பு. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் தகடு எடுத்தபோது எடை மேடையில் என்னையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேலையை விட்ட பிறகும் என்னைப் பார்த்துத் தராசுகள் நேராகின்றனவா என்று சோதிக்க விரும்பினார் டிரைவர் என்று நினைக்கிறேன்.

அந்த வாரங்களில் ஒருநாள் நடையில் அவர் பாதி வழியில் நின்று, முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்.

“ஆபீசரே, உன்னாண்ட ஒரு வேலை கீது. வூட்ல ஒரே பேஜாரு.”

விஷயம் இதுதான். அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். புதுப் படகு முதன்முதலில் துறைமுக வாயைத் தாண்டும்போது, அந்த வீட்டின் பழைய படகிலிருந்து ஏதாவது ஒரு பொருள் அதில் இருக்க வேண்டும். ஒரு ஆணி போதும், ஒரு பலகைத் துண்டு போதும். போய்ப் போய்த் திரும்பி வந்த படகின் சாமானாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதைப் புதுப் படகில் வைத்து வீட்டுப் பெண் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினால்தான் படகு கிளம்பும்.

டிரைவரின் பழைய மரப்படகை உடைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. என்ஜினும் இரும்பும் பழைய இரும்புக்குப் போயின. மரம் அடுப்புக்குப் போயிற்று. மிச்சம் இருந்தது பரணில் கிடந்த பித்தளைத் திசைகாட்டி ஒன்றுதான். அந்தச் சமயத்தில்தான் ராயபுரத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கருவிகள் வைத்திருப்போர் கொண்டுவந்து தரலாம் என்று கரையோரக் குப்பங்களில் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். டிரைவர் அதை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். இரவலா நன்கொடையா என்று கேட்டிருக்கிறார்கள். நன்கொடை என்றார். மேடையில் சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இப்போது அவர் மனைவி, திசைகாட்டி வராமல் படகுக்குக் கற்பூரம் ஏற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அம்மா கற்பூரம் காட்டாமல் படகை எடுக்க மாட்டேன் என்று மகன். என்ஜினை ஓட்டிப் பார்க்க, வலையில்லாமல் ஒருமுறை வெளியே போய்வர அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதால், அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி வாங்குவது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. டிரைவரின் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, கணவரைப் பார்க்காமல், சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பேசினார்.

“இந்தாளு ஒரு சால்வையைப் போத்திக்கினு வூட்டு சாமானைத் தூக்கிக் குட்த்துட்டு வந்து நிக்குதுண்ணே. அந்த சால்வைய வேணா போட்ல கட்டி வுடச் சொல்லு.”

பிறகு அமைதியாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் அந்தப் பழைய கதையைச் சொன்னார். மகன் வயிற்றில் இருந்தபோது கணவர் போன படகு திரும்பவில்லை. என்ஜின் நின்று, காற்றில் வடக்கே இழுத்துப்போய், ஆந்திரக் கரைப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இங்கே எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். உறவுக்காரப் பெண்கள் அழுவதற்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு மதியம் இன்னொரு படகு கட்டியிழுக்கத் திரும்பி வந்தது. ஆட்களும் வந்தார்கள், படகும் வந்தது, அந்தச் சாமானும் வந்தது. அந்தப் படகில் இப்போது கையால் தொடக்கூடியதாக மிச்சம் இருப்பது அது ஒன்று. மகன் கடலுக்குப் போவதை அவரால் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டார். அந்தச் சாமான் கூடப் போகட்டும் என்பதுதான்.

மூட நம்பிக்கை என்ற வார்த்தையைக் காப்பியோடு விழுங்கிவிட்டேன். நாற்பது வருடம் ஒரு பித்தளைத் துண்டை ‘ஒரு கிலோ’ என்று நம்பி வேலை பார்த்தவன் நான். அது ஏன் ஒரு கிலோ என்று கேட்டால், இன்னொரு பித்தளைத் துண்டைக் காட்டுவோம்.

மறுநாள் டிரைவரும் நானும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். டிரைவர் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். தேவைப்பட்டால் கொடுத்துவிடலாம் என்றார்.

முதலில் கடல் கூடத்துக்குப் போய் அதைப் பார்த்தோம். ஒரு சிறிய சோற்றுச் சட்டி அளவுக்குப் பித்தளைக் கிண்ணம், மேலே கண்ணாடி, உள்ளே திரவத்தில் மிதக்கும் வட்டத் தட்டு. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய வீட்டிலோ தன் பிள்ளையைப் பார்ப்பவர் போல நின்றார். நான் வழக்கம்போலக் கீழே இருந்த எழுத்தைப் படித்தேன். ‘வடசென்னை மீனவர்கள் பயன்படுத்திய கடல் திசைகாட்டி. இன்றும் துல்லியமாக இயங்குகிறது.’

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

காப்பாட்சியர் எங்களை உட்காரவைத்து, கோரிக்கையை நான் சொல்லும் முன்பே ஊகித்துவிட்டார். சால்வையைப் பார்த்திருப்பார்.

“சார், ஒரு பொருள் உள்ள வந்துட்டா வெளிய போக மூணே வழிதான். இன்னொரு மியூசியத்துக்கு இரவல், பராமரிப்பு, சோதனை. நாலாவது வழி கிடையாது.”

“நாலாவது வழி கேட்டு நான் வரல, மேடம். லேபிள் விஷயமா வந்தேன்.”

துல்லியமாக இயங்குகிறது என்று எழுதியிருக்கிறதே, யார் சோதித்தது என்று கேட்டேன். யாரும் சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். திறப்பு விழா அவசரத்தில் யாரோ எழுதியது. என் பணிக்காலத்தில் சோதிக்காத கருவிமேல் துல்லியம் என்று எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு அன்றைக்கே நோட்டீஸ் போயிருக்கும் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன் என்றார். நல்ல பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். லேபிளைத் திருத்துவதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று கேட்டேன். அருங்காட்சியக நிர்வாகக் குழுவின் ஒப்புதல். குழு எப்போது கூடும்? சொல்ல முடியாது. சோதனைக்கு? சோதனைக்குக் காப்பாட்சியரின் கையெழுத்து மட்டும் போதும், அவர் கூடவே இருக்க வேண்டும், பொருள் அன்று மூடும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. எங்கே போகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனையை இங்கேயே மேஜைமேல் வைத்துச் செய்யலாமே என்றார் அவர். கப்பல் திசைகாட்டியைக் கப்பலில் வைத்துத்தான் சோதிக்க முடியும், சுற்றியிருக்கும் இரும்பு அதை இழுக்கும், படகை மெல்ல ஒரு வட்டம் சுற்றவிட்டு ஒவ்வொரு திசையிலும் அது எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும், துறைமுகத்தில் காலங்காலமாக உள்ள முறை என்றேன். இது உண்மைதான். நான் பொய் சொல்லி ஒரு காரியமும் சாதித்ததில்லை. உண்மையிலேயே போதுமான வழி இருக்கும்போது பொய் எதற்கு?

இன்னும் இரண்டு நிமிடத்தில் கையெழுத்து விழுந்திருக்கும். அந்த நேரத்தில் டிரைவர் எழுந்து நின்றார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பயனில்லை.

“அம்மா, சார் இன்னாமோ சொல்லிக்கினு கீறாரு. பூஜைக்குத்தாம்மா கேக்கறோம். புள்ளையோட போட்டு. அது இல்லாம எங்க வூட்ல கற்பூரம் ஏத்த மாட்டேன்னு குந்தினுகீது. மத்தியானம் எட்த்தாந்து குட்த்துடறேன், சத்தியமா.”

நான் கூரையைப் பார்த்தேன். இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று, ஒரு அதிகாரியின் காதில் உண்மைக் காரணம் விழுந்துவிட்டால் அவரால் கையெழுத்துப் போட முடியாது என்பது.

காப்பாட்சியர் சிறிது நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரை உட்காரச் சொன்னார். டிரைவர் தொழிலில் இருந்த காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி,

“சோதனைன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் காதுல விழல, சார். படகு எத்தன மணிக்குக் கிளம்புது?”

என்றார்.

அந்த நாள் காலையில் காசிமேட்டில் வெயில் அதற்குள் ஏறியிருந்தது. நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. புது வண்ணத்தின் வாசனையும் டீசல் வாசனையும் கருவாட்டு வாசனையை ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. மகனின் படகு நீலமும் மஞ்சளும். கேபின் நெற்றியில் மாவிலையும் வேப்பிலையும் கட்டியிருந்தது. உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். டிரைவரின் மனைவி தட்டோடு கரையில் நின்றிருந்தார். கற்பூரம் ஏற்றாமல் தட்டில் கிடந்தது. சாலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கேபினுக்குள் ஏதோ வேலையாக இருப்பதுபோல் இருந்தான். ஒரே திருகாணியைத் திரும்பத் திரும்ப முடுக்கினான்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. காப்பாட்சியர் இறங்கினார். மார்போடு அணைத்து ஒரு மரப்பெட்டி. இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணியுறை. டிரைவரின் மனைவி அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

“இன்னாம்மா, கையில அடிபட்டுச்சா?”

அடி இல்லை, வெறுங்கையால் தொடக் கூடாது, விதி என்று காப்பாட்சியர் சொன்னார். சாமானுக்கா உனக்கா என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு விதியில் விளக்கம் இல்லை.

பெட்டியைக் கேபினில் வைத்துத் திறந்தார்கள். காப்பாட்சியர் திசைகாட்டியை எடுத்து, சுக்கானுக்கு முன்னால் இருந்த பலகையில் மெல்ல அமர்த்தினார். பக்கத்திலேயே ஜி.பி.எஸ். திரை ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. தன் கடமை முடிந்தது என்று அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்த அந்த நொடியில் கரையிலிருந்து ஒரு கை கேபின் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மூன்று விரல்களில் சந்தனம். கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு தீற்று. அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஒரு காட்சிப்பொருளின் மீது இதைவிடப் பெரிய குற்றத்தை இதைவிடச் சீக்கிரமாகச் செய்ய முடியாது.

காப்பாட்சியர் பதறிப்போய் முந்தானையை எடுத்தார். நான் குறுக்கே போகவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

“மேடம், துடைக்க எழுத்து ஆணை இருக்கா?”

அவர் கை அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முந்தானையைக் கீழே விட்டார். வெளியே கற்பூரம் எரிந்தது. பூசணிக்காய் உடைந்தது.

படகு கிளம்பப் போகும்போது இன்னொரு சிக்கல். முதல் பயணத்தில் பெண் ஏறலாமா என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. காப்பாட்சியர் ஏறாவிட்டால் திசைகாட்டி போகக் கூடாது. இதற்கு என்னிடம் எந்த விதியும் இல்லை. நான் வாயைத் திறக்கும் முன் டிரைவரின் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அது சர்க்காரு, பெரிப்பா. சர்க்காருக்கு ஆம்பள இன்னா, பொம்பள இன்னா.”

பெரியவருக்கு அது போதுமானதாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும்.

மகன் சுக்கானைப் பிடித்தான். டிரைவர் அவன் பக்கத்தில் நின்று, ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு மிகவும் முயற்சி செய்தார். துறைமுகச் சுவர்களுக்கு நடுவே போய், வாயைத் தாண்டியதும் அலை வேறு மாதிரி ஆயிற்று. காப்பாட்சியர் ஒரு கையால் கேபின் கம்பியையும், இன்னொரு கையால் திசைகாட்டியின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். சேலத்தில் இதற்குப் பயிற்சி இல்லை.

சோதனை என்று சொன்னோமே, சோதிக்க வேண்டும். வெளியே போனதும் படகை மெதுவாக வட்டமாகச் சுற்றச் சொன்னேன். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றை வைத்துத் திசை பார்த்துக்கொண்டோம். பொட்டைச் சுற்றித் தெரிந்த இடைவெளியில் நான் தட்டைப் படித்தேன். படகு சுற்றியது. தட்டும் அதோடு சேர்ந்தே சுற்றியது. படகு கிழக்கே பார்த்தாலும், தெற்கே பார்த்தாலும் திசைகாட்டியின் வடக்கு முனை ஒரே பக்கம் பார்த்தது. என்ஜின் அறைப் பக்கம். சாத்தாங்காட்டுத் தகட்டுக்கு நடுவில் அதற்கு அதுதான் வடக்கு.

காப்பாட்சியர் கண்ணைத் திறந்து என்ன முடிவு என்று கேட்டார். துல்லியம் என்ற சொல் போய்விட்டது என்றேன். இரும்புப் படகு என்பதால் இருக்கலாம், மரப்படகில் சரியாகக் காட்டியிருக்கும் என்று அவர் அதற்காகப் பரிந்து பேசினார். டிரைவர் தலையைச் சொறிந்தார். மரப்படகில் பெரிய என்ஜின் வைத்த நாளிலிருந்தே அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். காப்பாட்சியருக்கு ஒரு கணம் குமட்டல்கூட மறந்துபோயிற்று.

“அப்ப எதப் பாத்து ஓட்டுனீங்க?”

“தோ, புகைக்கூண்டு தெரியுதே. அது தெரியலன்னா நட்சத்திரம். அதும் இல்லன்னா குத்துமதிப்பா வந்துருவோம்.”

“அப்ப இது எதுக்கு?”

டிரைவர் திசைகாட்டியைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“அது சும்மா கூட வரும்மா.”

மகன் சிரித்தான். காலையிலிருந்து அப்போதுதான் அவன் சிரித்தான். என் துறையில் ஒரு கருவியின் பயன் என்ன என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதிலை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் சோதனைக்கான நிபந்தனைகளை அது நிறைவேற்றிவிட்டது. போயிற்று, திரும்பிக்கொண்டிருக்கிறது.

படகு கரைக்கு வந்தபோது டிரைவரின் மனைவி நாங்கள் விட்ட அதே இடத்தில் நின்றிருந்தார். உறவுக்காரர்கள் எல்லாம் நிழலுக்குப் போயிருந்தார்கள். முதலில் மகனைப் பார்த்தார், பிறகு கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். காப்பாட்சியர் இறங்க அவரே கைகொடுத்தார். சோடா வாங்கி வரச் சொன்னார். உறை போட்ட கையில் சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு காப்பாட்சியர் கரையில் ஒரு பழைய டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பெட்டியை மூடும்போது டிரைவரின் மனைவி அதைத் தடுக்கவில்லை. ஒருமுறை கூடப் போய்த் திரும்பிவிட்டதே, இனி எங்கே இருந்தாலும் அது அந்தப் படகுச் சாமான்தான் என்றார். மூடும் நேரத்துக்கு வெகுமுன்பே பெட்டி ராயபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. தடை நீங்கியதும் படகு தொழிலுக்குப் போயிற்று.

காப்பாட்சியர் நேர்மையானவர். கருவி சரியாகத் திசை காட்டவில்லை என்று சோதனை முடிவை உள்ளது உள்ளபடி அனுப்பினார். ஆகவே லேபிளைத் திருத்த வேண்டும். அதற்குக் குழு கூட வேண்டும். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் படிந்திருப்பதாகப் பராமரிப்புப் பிரிவுக்கும் எழுதினார். இப்போது அந்தப் பிரிவுக்கு இந்தக் கட்டிடத்தில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன, ஒரு கட்டைவிரலும் ஒரு பொட்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள் நான் வழக்கம்போல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தேன். டிரைவரின் மனைவி உள்ளே வந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். பாரமானிகளையோ தராசையோ திரும்பிப் பார்க்கவில்லை. வழி கேட்டுக் கடல் கூடத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். மகன் விடியற்காலையில் கிளம்பிப் போயிருக்கிறான், வர நாலைந்து நாள் ஆகும் என்று கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. அதன் கீழே இன்றும் துல்லியமாக இயங்குகிறது என்று எழுதியிருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இத்த எப்பண்ணே தொடைப்பாங்க?”

“அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கும்மா. அவங்க வந்துதான் தொடைக்கணும்.”

“வருவாங்களா?”

அந்த நடைமுறை எனக்கு அடிமுதல் நுனிவரை தெரியும். எங்கிருந்து எங்கே போகும், யார் மேஜையில் நிற்கும், எதற்காக நிற்கும் என்பதெல்லாம்.

“வர மாட்டாங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு முதல் கூடத்துக்கு வந்து, மின்விசிறியின் கீழே, என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை.